ஓட்டை போட்ட புத்தகங்கள்

தொழில்நுட்பப் புத்தகங்களுக்கு விலை வைக்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. சமையல் புத்தகம், ஜோசியப் புத்தகம் என்றால் கையில் இருக்கிற காசுக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிடும். இரும்புத் தகட்டை எப்படி வெட்டுவது, எப்படி வளைப்பது என்று எழுதிய புத்தகத்தை மட்டும் நகைக்கடையில் வைத்து விற்கிற மாதிரி விற்கிறார்கள். அதைப் படிக்க வேண்டியவர்கள் என்னைப் போல ஷிப்ட்டுக்கு ஓடுகிறவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரிந்துதான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

நான் ஓசூரில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். லைனில் வருகிற பாகங்களை அளந்து, அளவில் தப்பினதை எடுத்து, சிவப்பு பெயின்டைத் தடவி, சிவப்புத் தொட்டியில் போடுவது வேலை. அந்தத் தொட்டியில் விழுந்த எதையும் அப்படியே பழைய இரும்புக்கு அனுப்ப மாட்டார்கள். ஸ்டோர்ஸில் ஒவ்வொன்றிலும் டிரில் வைத்து ஓட்டை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். இல்லாவிட்டால் எவனாவது அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, புது சாமான் என்று விற்றுவிடுவான். பிரேக் விஷயம், ஆளையே கொன்றுவிடும். அந்த ஓட்டையில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இருந்ததில்லை. தினமும் நானே எத்தனையோ பாகங்களை அந்த ஓட்டைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.

டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள் நான். ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வேலை பார்த்த ஓசூருக்கே வந்து, மத்திகிரியில் வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்குக் குடியேறினோம். அவருக்கு வேறொரு கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் வேலை. அவர் நிரந்தரம், நான் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் என்றால் சட்டை நிறம் வேறு, அடையாள அட்டையின் கயிற்று நிறம் வேறு, கேன்டீனில் வரிசை வேறு. ஒப்பந்தக் காலம் முடிந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். பிறகு வேறு கேட்டில் போய் நிற்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டின பெண்ணை லைனுக்கு எடுக்க இந்தப் பக்கத்தில் பல கம்பெனிகள் யோசிக்கின்றன. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "கூப்பிடுறோம்" என்பார்கள், அவ்வளவுதான். எனக்கு முப்பது தாண்டிவிட்டிருந்தது. ஒப்பந்தம் முடியச் சில மாதங்களே பாக்கி.

அந்த நேரத்தில்தான் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். டூல் ரூமில் டிசைன் பிரிவுக்கு ஓர் ஆள் வேண்டும், உள்ளே வேலை செய்கிற டிப்ளமோக்காரர்கள் யார் வேண்டுமானாலும் எழுத்துத் தேர்வு எழுதலாம், கான்ட்ராக்ட் ஆட்களும் எழுதலாம் என்று. டூல் ரூம் என்பது தொழிற்சாலைக்குள் இருக்கிற இன்னொரு தொழிற்சாலை. பாகங்களைச் செய்கிற அச்சுகளையும் பிடிமானங்களையும் அங்கேதான் யோசித்து, வரைந்து, செய்வார்கள். லைனில் இருக்கிறவர்கள் அதன் கண்ணாடிக் கதவைத் தாண்டும்போது கொஞ்சம் மெதுவாக நடப்பார்கள். நானும் நடந்திருக்கிறேன். அறிவிப்பை இரண்டு தடவை படித்தேன். இந்த வேலை கிடைத்தால் வேறு கேட்டில் போய் நிற்க வேண்டாம். கிடைக்காவிட்டால் நிற்க வேண்டும். என் நிலைமை அவ்வளவு எளிமையானது.

படிப்பதற்குப் புத்தகம் இல்லை. டிப்ளமோ முடித்த வாரமே எல்லாப் புத்தகங்களையும் ஜூனியர்களுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வருவதுதான் எங்கள் காலேஜ் வழக்கம். அந்தக் காசில் பிரிவுபசார விழாவுக்குப் பிரியாணி சாப்பிட்டோம். டூல் டிசைன் புத்தகம் புதிதாக வாங்கலாம் என்று பார்த்தால், விலை எங்கள் வீட்டு வாடகையில் பாதிக்கு வந்து நின்றது. அதோடு அளவுகளும் ஃபார்முலாக்களும் அட்டவணையாக இருக்கிற டேட்டா புக் ஒன்று தனியாக வேண்டும். போனில் யாரோ அனுப்பிய பிடிஎஃப் இருந்தது. எவனோ புத்தகத்தைச் சாய்வாக வைத்து போட்டோ எடுத்திருந்தான். எட்டா ஆறா என்று தெரியாத அட்டவணையை வைத்துக்கொண்டு அச்சு செய்தால், அந்த அச்சில் வருகிற பாகம் என் கைக்கே வந்து நானே சிவப்பு பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

"பெங்களூர்ல பழைய புக்கு கெடைக்குமாம். ஞாயித்துக்கெழம போயிட்டு வந்துருவோம்" என்றார் கணவர். பஸ் ஏறினோம். ஓசூரிலிருந்து பெங்களூரு எட்டிப் பிடிக்கிற தூரம்தான், டிராஃபிக் அதைத் திருநெல்வேலி தூரம் ஆக்கிவிடும். பழைய புத்தகக் கடைகளில் நாவல்கள் தரையில் கிடந்தன. இன்ஜினியரிங் புத்தகங்களை மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கடைக்காரர் புத்தகத்தை எடுத்தார், முதல் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்த விலையைக் காட்டினார். புதுப் புத்தகத்துக்கும் அதற்கும் ஒரு நல்ல சாப்பாட்டின் வித்தியாசம்தான் இருந்தது. உள்ளே எவனோ ஒரு மாணவன் பாதிப் பக்கங்களுக்கு மஞ்சள் மை பூசியிருந்தான்.

பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்ட அரைகுறைக் கன்னடத்தில் பேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கம்மி ஆகல்லா மேடம், டெக்னிக்கல்" என்றார். பிறகு நல்ல தமிழில், "ஸ்டோரி புக்குன்னா பாதிக்குக் குடுப்பேன். இது காலேஜ் தொறந்தா ஒரே நாள்ல போயிரும்" என்றார். மஞ்சள் மைக்கு என்ன கழிவு என்று கேட்டேன். "முக்கியமானத அவன் மார்க் பண்ணி வச்சிருக்கான், அதுக்கு நான் எக்ஸ்ட்ரா கேக்கல" என்றார். என் கணவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். நான் இரண்டு பேரையும் முறைத்துவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "வாங்கிருவோம்டி, அடுத்த மாசம் சீட்டுல எடுத்துக்கலாம்" என்றார் அவர். அடுத்த மாதம் தேர்வே முடிந்துவிடும். அத்திப்பள்ளி தாண்டி தமிழ்நாட்டு எல்லை வளைவு தெரிந்தபோது எனக்கு அழுகை முட்டியது. புத்தகம் இல்லாததற்காக அழுகிற வயதா இது என்று வெட்கமாகவும் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதே வாரத்தில் ஒரு நாள் மாலை, மிக்ஸி வந்த அட்டைப் பெட்டியையும் பழைய பேப்பரையும் போடுவதற்காக மத்திகிரி சாலையில் இருக்கிற பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது ஓர் அக்கா. வீட்டில் தெலுங்கு, லாரிக்காரர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், போலீஸ் வந்தால் மூன்றும் கலந்து. பெட்டியை மிதித்துத் தட்டையாக்கித் தராசில் வைத்தபோது, பின்னால் கிடந்த மூட்டை என் கண்ணில் பட்டது. வாய் பிரிந்த சாக்குக்குள் கெட்டி அட்டைப் புத்தகங்கள். ஓரங்களில் சிவப்பு பெயின்ட்.

அந்தச் சிவப்பை எனக்குத் தெரியாதா? குனிந்து ஒன்றை உருவினேன். டூல் டிசைன். எங்கள் தொழிற்சாலைப் பயிற்சிக் கூடத்தின் முத்திரை. நட்ட நடுவில், முன் அட்டையிலிருந்து பின் அட்டை வரைக்கும், ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வட்டமான ஓட்டை. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் ஓட்டை. மூட்டையில் இருந்த எல்லாவற்றிலும் ஓட்டை. பயிற்சிக் கூடத்தில் பெரிய திரை வைத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தார்கள், அது எனக்குத் தெரியும். அங்கிருந்த புத்தகங்கள் வேண்டாம் என்று ஸ்டோர்ஸுக்குப் போயிருக்கின்றன. வேண்டாததை ஸ்டோர்ஸில் என்ன செய்வார்களோ அதைச் செய்துவிட்டார்கள். பிரேக் டிரம்மை வைஸ் இடுக்கியில் பிடித்து ஓட்டை போடுகிற மாதிரி புத்தகங்களையும் பிடித்து ஓட்டை போட்டிருக்கிறார்கள்.

"இதென்னக்கா, புத்தகத்துல போய் ஓட்டை போட்டிருக்காங்க?" என்றேன். என் குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்திருக்க வேண்டும்.

"கம்பெனி மாலும்மா. இரும்புன்னாலும் ஓட்டை, பிளாஸ்டிக்குன்னாலும் ஓட்டை, புக்குன்னாலும் ஓட்டை. மில்லுக்குப் போய் கூழாவறதுதானே, ஓட்டை இருந்தா என்னா, இல்லாங்காட்டி என்னா?"

"எனக்கு ரெண்டு வேணும்."

"எடுத்துக்கோ. தட்டுல வை."

டூல் டிசைன் புத்தகத்தையும் ஒல்லியான ஒரு டேட்டா புக்கையும் தராசில் வைத்தேன். பெங்களூரில் பிளாஸ்டிக் உறைக்குள் ராஜா மாதிரி நின்ற புத்தகம் இங்கே பழைய பேப்பர் விலைக்குப் படுத்துக் கிடந்தது. அதிலும், முழுக்க முழுக்கச் சரக்காக இருக்கிற டேட்டா புக் ஒல்லி என்பதால் அதன் விலை ஒரு டீ விலையைத் தாண்டவில்லை. புத்தகத்துக்கு நியாயமான விலை எது என்று அதற்கு முன்னும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனாலும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தால் அது நானில்லையே.

"ஓட்டைக்கு எடை கழிக்கணும்ல அக்கா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓட்டை எங்கம்மா தராசுல உக்காந்துக்குது? அது அப்பவே போயிடுச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்தபோதுதான் டிரில் என்ன வேலை செய்திருக்கிறது என்று முழுதாகத் தெரிந்தது. ஓட்டையின் விளிம்பில் காகிதம் பஞ்சு மாதிரி பிசிறி, சூட்டில் லேசாகக் கருகி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தாளாக நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது. எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில் ஒரு வட்டம் காணோம். சாதாரண வாக்கியங்களில் அது பெரிய இழப்பு இல்லை, இரண்டு மூன்று சொற்களை ஊகித்துக்கொள்ளலாம். ஃபார்முலாவில் விழுந்தால்தான் வம்பு. தகட்டில் துளை போட எவ்வளவு விசை வேண்டும் என்ற ஃபார்முலாவில் சமக்குறிக்குப் பிறகு வானம் தெரிந்தது. அட்டவணைகளில் எது முக்கியமோ அந்த எண்ணே போயிருந்தது. "ஒனக்குன்னே பாத்துப் போட்டிருக்காங்க" என்றார் கணவர். அவர் சொன்னதில் கிண்டல் பாதி, பரிதாபம் பாதி.

எனக்குக் கோபம் வந்தால் நான் உட்கார்ந்து ஏதாவது செய்வேன். அன்றைக்கு வெள்ளைக் காகிதத்தை ஓட்டை அளவுக்கு வட்டமாகக் கத்தரித்து ஒட்ட ஆரம்பித்தேன். ஒட்டின வட்டத்தில் காணாமல் போனது என்ன என்று கண்டுபிடித்து பென்சிலில் எழுத வேண்டும். தெரியாத இடத்தில் வெறும் வட்டமாக விட்டுவிட வேண்டும். துளை விசையின் ஃபார்முலாவை அடுத்த பக்கத்தில் இருந்த கணக்கிலிருந்து பின்னாலிருந்து போட்டுப் பிடித்தேன்: வெட்டுகிற விளிம்பின் நீளம், தகட்டின் தடிமன், உலோகத்தின் பலம், மூன்றையும் பெருக்க வேண்டும். காலேஜில் இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நான். எதற்காகப் பெருக்குகிறோம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன்.

அட்டவணைகளுக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் கிடைக்காது. அதனால் ஒல்லிப் புத்தகத்தைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனேன். லைனில் என் பக்கத்தில் நிற்பவள் அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்துப் பெண். ஐடிஐ முடித்தவள், தினமும் ஊரிலிருந்து வந்து போக ஒழுங்கான பஸ் கிடைக்காததால் ஓசூரிலேயே ஹாஸ்டலில் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைப் பார்த்தவள் சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டு ஆட்டினாள். "என்னாக்கா இது, தோடு போடறதுக்கா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் அட்டவணையை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கோசரம் ஏங்க்கா மண்டையக் கொடையறே? இந்த நம்பரு நம்ம கையிலயே இருக்குதே" என்றாள்.

உண்மைதான். இருபது மில்லிமீட்டர் துளைக்கு எவ்வளவு வரை கூடுதல் அனுமதி என்ற எண்தான் அந்த வட்டத்தில் போயிருந்தது. நாங்கள் தினமும் துளைகளைச் சோதிக்கிற கேஜ் என்ற கருவியின் கைப்பிடியிலேயே அது பொறித்திருக்கிறது. ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டு முனைகளின் அளவும் கண்ணெதிரே இருந்தன. வருஷக்கணக்காகக் கையில் வைத்துச் சுழற்றின எண்ணை நான் படித்ததே இல்லை. எங்கள் இருவருக்கும் சிரிப்பாக வந்தது.

அதற்குப் பிறகு அது எங்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் நான் ஓட்டைகளைக் குறித்துக்கொண்டு வருவேன். டீ நேரத்தில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கிளம்பிவிடுவோம். மரை வெட்டும் முன் போடுகிற துளையின் அளவை டூல் ரூம் ஜன்னலில் டிரில் வாங்குகிற பையன்களிடம் கேட்டோம், நம்பாமல் வெர்னியரை வைத்து அளந்தும் பார்த்தோம். வட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. சில கடைசி வரைக்கும் வெறும் வட்டமாகவே நின்றன. புத்தகம் முழுதாக இருந்திருந்தால் நான் அட்டவணையைப் புரட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன் என்பதை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை, ஓட்டை போட்டவருக்கு அது பெருமையாகிவிடும்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தடிப் புத்தகத்தையும் வேலைக்கு எடுத்துப் போனேன். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் பையைத் திறக்க வேண்டும். யாருக்கு எது எரியும் என்பது இயந்திரத்தின் இஷ்டம். அன்றைக்கு எனக்குச் சிவப்பு எரிந்தது.

காவலர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். "கம்பெனி சீல் இருக்குதேம்மா. கேட் பாஸ் எங்க?"

"இது நான் வெளிய வெல குடுத்து வாங்குனதுண்ணே."

"பில்லு?"

"பழைய பேப்பர் கடைல யாருண்ணே பில்லு குடுக்கறாங்க?"

அவர் கெட்டவர் இல்லை, அவருடைய வேலை அது. எங்கள் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசருக்குப் போன் போனது. அவர் வந்ததும் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, என் அடையாள அட்டையைத்தான் வாங்கினார். "விசாரிச்சுட்டுச் சொல்றோம். அதுவரைக்கும் டூட்டிக்கு வர வேணாம்" என்றார். டூட்டிக்கு வரக் கூடாது என்றால் தேர்வுக்கும் வர முடியாது. திருட்டு என்று ஒரு சொல் எழுதிவிட்டால் ஓசூரில் எந்த கேட்டிலும் என்னை நிற்க விட மாட்டார்கள். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அஞ்செட்டிக்காரி மட்டும் போகவில்லை. "அக்கா அத வெல குடுத்து வாங்கினது எனக்குத் தெரியும் சார். ஓட்டையப் பாருங்க சார், ஓட்டை இருக்குதில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஓட்டை என்றதும் காவலருக்கு ஏதோ உறைத்து, ஸ்டோர்ஸில் ஸ்கிராப் பார்க்கிறவரை வரவழைத்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். புத்தகத்தை வாங்கி, முன் அட்டை ஓட்டையையும் பின் அட்டை ஓட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது நான் போட்ட ஓட்டைதான். சாஞ்சு போயிருக்கு பாருங்க, அன்னிக்கு வைஸு லூசா இருந்துச்சு. ஸ்கிராப்புல முறையா வெளிய போன மாலு இது. திருட்டு மாலுன்னா ஓட்டை எப்படி இருக்கும்?" என்றார்.

சூப்பர்வைசர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். நான் நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். பயம் இறங்கினதும் அது இருந்த இடத்தில் கோபம் ஏறிவிட்டது. ஸ்டோர்ஸ்காரர் பக்கம் திரும்பினேன்.

"ஏன் சார், ரிஜெக்ட்டான பார்ட்ட எவனாவது திருப்பி வண்டில மாட்டிருவான்னு ஓட்டை போடறீங்க, சரி. புத்தகத்த எவன் சார் திருப்பி எதுல மாட்டப் போறான்?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். வட்டம் வட்டமாக ஒட்டின காகிதம், ஒவ்வொன்றிலும் பென்சிலில் எண், எழுத்து. நிறைய பக்கங்களைப் புரட்டினார். பிறகு மூடி என் கையில் கொடுத்தார்.

"நீ மாட்டிட்டியேம்மா" என்றார்.

கேட் ரிஜிஸ்டரில் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் அஞ்செட்டிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தேர்வை எழுதினேன். வினாத்தாளில் பயந்த அளவுக்கு எதுவும் இல்லை. நேர்காணலில் டூல் ரூம் மேனேஜர் ஒரு வரைபடத்தைத் தள்ளி, இந்தத் தகட்டுக்குத் துளை போட எவ்வளவு விசை வேண்டும், சுமாராகச் சொல் என்றார். அவர் சொன்ன மூன்று எண்களையும் பெருக்கிச் சொன்னேன். எதற்காகப் பெருக்கினாய் என்று கேட்டார். அதற்கும் சொன்னேன், கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு நல்ல அர்த்தமா கெட்ட அர்த்தமா என்று தெரியாமல் நான்கு நாட்கள் கணவரை நச்சரித்தேன்.

வேலை கிடைத்தது. கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன், வீட்டில் கணவரிடம் காட்டினேன், அவர் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். ஊருக்குப் போன் போட்டோம். எல்லாம் யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்தது. கேட்டில் நின்ற அந்த மாலையின் பயம் இன்னும் பாக்கி இருந்ததோ என்னவோ, சந்தோஷம் வந்து சேரவே இல்லை.

வேலை கிடைத்த கதையை நான் பழைய பேப்பர் கடை அக்காவிடமும் போய் அளந்துவிட்டேன். அது ஒரு முட்டாள்தனம். வியாபாரம் செய்கிறவரிடம் போய், உங்கள் கடைச் சரக்கால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று சொன்னால் என்ன நடக்கும்? இரண்டு வாரம் கழித்து அஞ்செட்டிக்காரி, தானும் பார்ட் டைமில் டிப்ளமோ சேரப் போவதாகச் சொல்லிப் புத்தகம் வாங்கப் போனாள். திரும்பி வந்து, "அக்கா, புக்குங்கள எல்லாம் தொடச்சு ரேக்குல நிறுத்திட்டாங்க. ஒண்ணொண்ணுக்கும் தனித்தனி வெல சொல்றாங்க" என்றாள். பெங்களூரு அலமாரி மத்திகிரிக்கே வந்துவிட்டது. அதைக் கூட்டி வந்தது என் வாய்.

அன்றைக்கு மாலையே அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் நின்றேன். லைன் சட்டையில்தான் இருந்தோம் இருவரும். "ஏங்க்கா, கூழாவற மாலுக்கு இந்த வெலையா?" என்று ஆரம்பித்து, அரை மணி நேரம் மூன்று மொழியிலும் சண்டை போட்டேன். அக்கா சளைக்கவில்லை. "கார்ல வந்து ரெண்டு பேரு வாங்கிட்டுப் போனாங்கம்மா, வெலையே கேக்கல. நான் என்னாத்துக்கு எடைக்குப் போடணும்?" என்றார். பிறகு எங்கள் சட்டைகளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அவளுடைய கையில் இருந்த புத்தகத்தை வாங்கித் தராசில் போட்டார். "சரி. லைன் சட்டை போட்டுட்டு வந்தா எடைக்கணக்கு. கார்ல வந்தா புக்கு கணக்கு. இதுக்கு மேல பேசாதே" என்றார். அந்தக் கடையில் இன்றைக்கும் அதுதான் கணக்கு. போர்டு எதுவும் கிடையாது, ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்கு வாய்மொழியாகவே தெரியும். ஸ்டோர்ஸிலும் இப்போது புத்தகத்துக்கு டிரில் வைப்பதில்லை, அட்டையில் சிவப்புக் கோடு மட்டும்தான்.

அடுத்த மாதம் டூல் ரூமில் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் நாள் வேலை முடிந்து வரும்போது, பிரஸ் டூல் பற்றி வேறொரு புத்தகம் வந்திருக்கிறதா என்று பார்க்க அந்தக் கடையில் இறங்கினேன். இருந்தது, ஓட்டையே இல்லாமல். எடுத்து, வழக்கம்போல நானே தராசில் வைத்தேன். அக்கா அதைத் தராசிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தார். விலை சொன்னார்.

"என்னக்கா இது, எடைக்கணக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"லைன் சட்டைக்குச் சொன்னேன்" என்றார். என் காலரைப் பிடித்து லேசாக இழுத்து, "இது எந்தச் சட்டை?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். வெளிர் நீலம், பாக்கெட்டுக்கு மேல் டூல் ரூம் என்று தைத்திருந்தது. கடிதம் வாங்கினபோது வராத அழுகை அந்தத் தராசுக்கு முன்னால் வந்தது. அவர் சொன்ன விலையை, வாழ்க்கையில் முதல் தடவையாக, பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தேன்.